பொத்தைச் சரிவில் மூன்று ஏக்கர்

கிருபாபாயிடம் யார் மண் கொண்டுவந்தாலும் கொண்டுவந்தவர் முகத்தை அவள் முதலில் பார்க்கமாட்டாள். பையைப் பிரித்து ஒரு பிடி எடுத்து, உள்ளங்கையில் வைத்து, நாலு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பிசைவாள். உருண்டை பிடித்து மேலே தூக்கிப் போட்டுப் பிடிப்பாள். பிறகு கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே வைத்து நாடா போல வெளியே தள்ளுவாள். நாடா எவ்வளவு நீளம் ஒடியாமல் வருகிறது என்பதை வைத்தே ஆற்றுக்கால் களியா, கரிசலா, செவலா, தேரி மணலா என்று சொல்லிவிடுவாள். சந்தேகம் இருந்தால் காதோரம் கொண்டுபோய் நசுக்குவாள். மணல் இருந்தால் நறநறவென்று கேட்கும். அடுத்த அறையில் குளிர்சாதனக் காற்று வாங்கிக்கொண்டு விலை உயர்ந்த கருவிகள் உட்கார்ந்திருந்தன. மூன்று நாள் கழித்து அவையும் அவள் சொன்னதைத்தான் சொல்லும்.

மண் பரிசோதனைக் கூடத்தில் அவளுக்கு இருபத்தொன்பது வருஷ சர்வீஸ். நாசரேத்தில் வாத்தியார் மகளாகப் பிறந்து, வேதியியல் படித்து, ஒரு கல்யாணத்துக்கும் இரண்டு பரீட்சைக்கும் பிறகு இந்த வேலைக்கு வந்தவள். உறவில் கல்யாணம் என்று போனால் பந்தல் காலுக்குக் குழி தோண்டிய இடத்தில் குனிந்து நிற்பாள். புதுவீடு பிரதிஷ்டைக்குப் போனால் பாஸ்டர் ஜெபம் பண்ணி முடிப்பதற்குள் வாசல் மண் அவள் விரலுக்கு வந்திருக்கும். வீட்டில் கேலி செய்யாத ஆள் கிடையாது. அவளும் கோபித்துக்கொண்டது கிடையாது.

ஆனால் வாய் மட்டும் கொஞ்சம் கறார். சாத்தான்குளம் பக்கமிருந்து ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர் தேரி மணலைக் கொண்டுவந்து, வாழை வைக்கலாமா என்று கேட்டார். இதில் தண்ணீர் ஊற்றுவதும் சல்லடையில் தண்ணீர் ஊற்றுவதும் ஒன்றுதான் என்று சொல்லிவிட்டாள். எல்லோரும் கடைசியில் ஒரே கேள்வியில் வந்து நிற்பார்கள். ஏதாவது உரமோ மருந்தோ போட்டால் சரியாகிவிடுமா? கிருபாபாய் நிமிராமல் "ஆவாது" என்பாள். அடுத்த நம்பரைக் கூப்பிடுவாள். சுற்றுவட்டாரத்து விவசாயிகள் அவளுக்கு 'ஆவாதக்கா' என்று பெயரே வைத்துவிட்டார்கள். அவளுக்கும் தெரியும். மண் விஷயத்தில் ஆறுதலுக்காக ஒரு பொய் சொன்னால், நம்பிப் போகிறவன் குடும்பத்தோடு தெருவுக்கு வந்துவிடுவான் என்பது அவள் கட்சி. அந்தக் கட்சியில் தப்பு இருப்பதாக எனக்கும் தோன்றவில்லை.

வீட்டில் இருப்பவர் நேர் எதிர். கணவர் எஸ்றா ஹார்பரில் முப்பத்தாறு வருஷம் கிரேன் ஓட்டியவர். நூறடி உயரக் கூண்டுக்குள் தனியாக உட்கார்ந்து, கீழே யாரோ காட்டுகிற கைச்சாடையைப் பார்த்துப் பார்த்து, பேச்சையே முக்கால்வாசி மறந்துவிட்ட மனுஷன். சோறு குழைந்தாலும் நல்லாயிருக்கு, விறைத்தாலும் நல்லாயிருக்கு. இத்தனை வருஷத்தில் மனைவியிடம் இன்னது வேண்டும் என்று அவர் கேட்டதே இல்லை. அதனால் அவரிடம் 'ஆவாது' என்று சொல்லவேண்டிய அவசியமும் அவளுக்கு வந்ததில்லை.

அப்படிப்பட்டவர்தான் போன கிறிஸ்மஸ் அன்று, மகன் பெவின் பெங்களூரிலிருந்து வந்திருந்த நேரம் பார்த்து, பிரியாணித் தட்டுக்கு முன்னால் தொண்டையைச் செருமினார். நிலம் வாங்கியிருக்கிறாராம். மூன்று ஏக்கர். எங்கள் ஊர்ப் பக்கத்துச் சின்னப் புதுக்கோட்டையைத் தாண்டி, திருநெல்வேலி ரோட்டிலிருந்து உள்ளே திரும்பி, ஒரு பொத்தையின் சரிவில். எங்கள் பக்கத்தில் சின்னக் குன்றுக்குப் பொத்தை என்று பெயர். பத்திரம் முடிந்துவிட்டது, தென்னந்தோப்பு போடப்போகிறேன் என்றார். தொடர்ந்தாற்போல் அவர் அத்தனை வார்த்தை பேசி பெவின் கேட்டதே இல்லை.

கிருபாபாய்க்குச் சந்தோஷம் தாங்கவில்லை. ஹார்பர் குவார்ட்டர்ஸில் இரண்டாம் மாடி, அதை விட்டு வந்த பிறகு டவுனில் மூன்றாம் மாடி என்று வாழ்க்கை முழுக்க அந்தரத்திலேயே போய்விட்டது. சொந்தமாக ஒரு பூந்தொட்டி மண்தான் இருந்தது. என்ன மண் என்று கேட்டாள். எஸ்றா போனை நீட்டினார். படத்தில் முழங்கால் உயரத்துக்குப் பச்சைப் புல், நடுவில் இரண்டு மயில்கள். இந்த மாவட்டத்தில் மார்கழி மாதம் எந்தச் சரிவைப் படம் எடுத்தாலும் பச்சையாகத்தான் இருக்கும் என்பது அவளுக்குத் தெரியாதா? தெரியும். ஆனால் சந்தோஷத்தில் இருந்தாள். மண்ணைப் பார்க்காமல் ஆளின் முகத்தைப் பார்த்தது அன்றைக்குத்தான். நல்லா இருக்கு என்று சொல்லிவிட்டாள்.

பிறகு மண்வள அட்டை வேலை கழுத்தைப் பிடித்தது. எஸ்றாவும் கன்று வைத்த பிறகு வந்து பார், இப்போது வேண்டாம் என்று தள்ளிக்கொண்டே போனார். தானாகப் பஸ் ஏறிப் போவார், வருவார். வேலி போட்டார். சொட்டுநீர்க் குழாய்க்குச் சொல்லிவைத்தார். தென்னங்கன்று இருநூறு. வைகாசியில் ஒரு நாள், வருகிற திங்கட்கிழமை ஜேசிபி வருகிறது, புல்லையெல்லாம் வழித்துத் தள்ளிவிட்டுச் சரிவைப் படிப்படியாக வெட்டப்போகிறோம் என்றார். அப்போதுதான் கிருபாபாய்க்குச் சுரீரென்றது. சரிவிலிருந்து புல்லை உரிப்பது என்றால் என்ன என்று அவளுக்குத் தெரியும். டெஸ்ட் பண்ணாமல் ஒரு கன்றுகூட வைக்கக்கூடாது, மண் எடுத்துவாருங்கள் என்றாள். வீட்டு மண்தானே என்று சாப்பாட்டுத் தூக்கோடு கொண்டுபோக மாட்டேன், எல்லோரையும்போல் டோக்கன் போட்டு வாருங்கள் என்றும் சொன்னாள்.

எஸ்றா வந்தார். செவ்வாய்க்கிழமை, பதினேழாம் நம்பர். வெளுத்து இஸ்திரி போட்ட துணிப்பை, வாயில் கப்பல்காரன் முடிச்சு, சரக்குப் பெட்டிக்குக் கட்டுகிற அட்டை. அட்டையில் தேதி, இடம், ஆழம், எடுத்தவர் பெயர் எல்லாம் பெரிய எழுத்தில். அதற்கு ஒரு நகல் வேறு பைக்குள் கிடந்தது. எப்படிக் குழி வெட்ட வேண்டும், எப்படி நாலாகப் பங்கு வைத்து இரண்டைத் தள்ள வேண்டும் என்பதெல்லாம் வீட்டில் மனைவி போனில் பிறருக்குச் சொல்வதைக் கேட்டே படித்திருக்கிறார். இப்படி ஒரு சாம்பிள் இந்த ஆபீஸ் பார்த்ததில்லை என்று பெனிஷா சொன்னாள். பெனிஷா அங்கே புதிதாகச் சேர்ந்த கெமிஸ்ட்.

வெள்ளிக்கிழமை ரிசல்ட்டைக் கொண்டுவந்தவளும் பெனிஷாதான். சார் அதிர்ஷ்டக்காரர், கரிமம் ஒன்றரைக்கு நிற்கிறது, சாம்பல் சத்து கூரையைப் பிய்க்கிறது என்று சிரித்தாள். கிருபாபாய் சிரிக்கவில்லை. இந்தச் சீமையில் மழை மறைவுக் காட்டு மண்ணில் அரை சதவீதம் கரிமம் வந்தாலே கும்பிட வேண்டும். மீதி மண்ணை எடுத்து மோந்து பார்த்தாள். லென்ஸுக்கு அடியில் வைத்தாள். சின்னதாக, சுருளாக ஒரு ரோமம். ஆட்டு ரோமம்.

அன்று சாயந்தரம் எங்கே குழி தோண்டினீர்கள் என்று கேட்டாள். நிலத்தில்தான் என்றார். பெருமையாகச் சொன்னார். கன்று வரப்போகிற இடம் அங்கேயே இருப்பது போல வீட்டுச் சுவரைக் காட்டினார். நாளைக்கு நானும் வருகிறேன் என்றாள். எஸ்றாவின் முகம் மலர்ந்துபோயிற்று. அதைப் பார்க்க அவளுக்குக் கஷ்டமாக இருந்தது.

சனிக்கிழமை காலை எட்டரைக்கெல்லாம் போய்ச் சேர்ந்தார்கள். படத்தில் இருந்த பச்சை எங்கே போனதோ, சரிவு முழுக்கக் காய்ந்த பழுப்பு. கொழுக்கட்டைப் புல் கொத்துக் கொத்தாக, குத்துக்குக் குத்து ஒரு முழம் இடைவெளி விட்டு, விறைத்து நின்றது. ஆங்காங்கே குடை விரித்த மாதிரி உடைமரம். இடைவெளியில் செவல் மண், அதன்மேல் அப்பளம் போல ஒரு மெல்லிய ஏடு. மேலே நின்றால் தூரத்தில் ஹார்பர் கிரேன்களின் தலை மங்கலாகத் தெரிந்தது.

சரிவில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒரு பெண் இவர்களைப் பார்த்ததும் இறங்கி வந்தாள். அடுத்த ஊர்த் தங்கத்தாய். நாற்பது வயதிருக்கும், நாற்பது உருப்படி செம்மறி. நிலம் கைமாறுவதற்கு முன்னாலிருந்தே அங்கே மேய்ப்பவள். எஸ்றா வந்த நாளிலிருந்து அவருக்குத் தண்ணீர் கொடுப்பது, பஸ் நேரம் சொல்வது என்று ஒத்தாசையாக இருந்திருக்கிறாள். கிருபாபாய் அவளிடமே கேட்டாள். இவர் மண் எடுத்த இடம் தெரியுமா?

"தெரியாம என்னக்கா. நாந்தான காட்டுனேன்," என்றாள் தங்கத்தாய். "பாவம் அண்ணாச்சி. மேல கடப்பாறையப் போடுதாவ, அது திரும்பித் துள்ளுது. கையெல்லாம் கொப்புளம். நாங்க மூணு வருசமா கிடை போட்ட எடம் அங்கன இருக்கு, பொதுபொதுன்னு இருக்கும், அதுல தோண்டுங்கன்னு சொன்னேன்."

நல்ல மனசு. கேட்டவரும் சந்தேகப்படவில்லை, சொன்னவளும் தப்பாகச் சொல்லவில்லை. கை வலிக்கிறவருக்கு மெத்தென்ற இடத்தைக் காட்டினாள், அவ்வளவுதான். ஆட்டுப் புழுக்கை மூன்று வருஷம் ஊறிய நாலு சென்ட் மண்ணைத்தான் எஸ்றா முடிச்சுப் போட்டு, நகல் வைத்து, டோக்கன் எடுத்துக் கொண்டுவந்திருக்கிறார். கிருபாபாய்க்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. கணவர் முகத்தைப் பார்த்ததும் அடங்கிவிட்டது.

அவள் வேலையைத் தொடங்கினாள். கடப்பாறையை வாங்கி, சரிவின் நடுவில், ஒரு புல் குத்தின் ஓரமாகக் கொத்தினாள். தங்கத்தாயும் கைகொடுத்தாள். மேலே இரண்டு விரல் கனத்துக்குக் கொஞ்சம் கறுப்பேறிய மண். அதை வேர்கள் வலை மாதிரி பிடித்துக்கொண்டிருந்தன. அதற்குக் கீழே செவல், ஒரு சாண். அதற்கும் கீழே சரளை. பிறகு ணங்கென்று சத்தம். வெள்ளையாகச் சுண்ணாம்புச் சுக்கான் பாறை. கடப்பாறை துள்ளியது.

ஒரு பிடி மண்ணை எடுத்து, தங்கத்தாயின் தண்ணீர்க் குடத்திலிருந்து நாலு சொட்டு விட்டுப் பிசைந்தாள். உருண்டை பிடித்தது. நாடா முக்கால் அங்குலம் வந்து ஒடிந்தது. காதோரம் நறநறத்தது. ஆபீஸ் ஃபாரத்தில் சாண்டி லோம் என்று ஒரு கட்டம் இருக்கிறது. அதில் கண்ணை மூடிக்கொண்டு டிக் போடலாம். மணல் முக்கால்வாசி, களி கொஞ்சம், மிச்சம் வண்டல். தண்ணீரைச் சட்டென்று குடிக்கும், சட்டென்று மறந்தும்விடும்.

அடுத்தது எஸ்றாவுக்காகச் செய்தது. ஒரு சொம்புத் தண்ணீரைப் புல் குத்தின் அடியில் ஊற்றினாள். பத்து எண்ணி முடிப்பதற்குள் உள்ளே போய்விட்டது. இன்னொரு சொம்பைப் பக்கத்திலேயே, வண்டித்தடம் போட்டுப் புல் செத்துக் கிடந்த வெற்றிடத்தில் ஊற்றினாள். தண்ணீர் உள்ளே இறங்காமல் ஏட்டின்மேல் சறுக்கி, சிவப்பாகக் கலங்கி, கொஞ்சம் மண்ணையும் இழுத்துக்கொண்டு சரிவில் ஓடியது. எஸ்றாவின் ஷூவை நனைத்துவிட்டுப் போயிற்று.

அவர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். கிரேனில் இருந்து கைச்சாடை பார்த்தே பழகியவருக்கு இதற்குமேல் விளக்கம் தேவைப்படவில்லை. இருந்தாலும் அவள் சொன்னாள்.

"பெவின் அப்பா, இந்த ஒரு சாண் மண்ணையும் புல்லுதான் பிடிச்சு வச்சிருக்கு. ஜேசிபி வந்து வழிச்சா, ஐப்பசி மழையில மொத்தமும் ஓடைக்குப் போயி, ஓடையிலேருந்து கடலுக்குப் போயிரும். நீங்க ஏத்தாத சரக்கு. தென்னைக்கு வேரு எறங்க எடமே இல்ல. சுக்கானுல முட்டிக்கிட்டு நிக்கும்."

எஸ்றா உடைமர நிழலில் போய் உட்கார்ந்தார். குழிக்குழியாக மண் நிரப்பினால்? சொட்டுநீர் விட்டால்? ஒவ்வொன்றாகக் கேட்டார். அவள் ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னாள். கடைசியாக அவர் தலையைத் தூக்கினார்.

"அப்போ எதும் போட்டாச் சரியாவாதா, கிருபா?"

இருபத்தொன்பது வருஷமாக இதே கேள்வி. பதில் நாக்கு நுனியிலேயே இருந்தது. ஆவாது என்றாள். ஆபீஸாக இருந்தால் இந்த வார்த்தைக்குப் பிறகு அடுத்த நம்பர் வரும். எதிரே இருக்கிற நாற்காலி காலியாகிவிடும். இங்கே அடுத்த நம்பர் இல்லை. கேட்டவர் அங்கேயே உட்கார்ந்திருந்தார். ஆவாது என்று சொன்ன பிறகு ஒரு ஆள் என்ன செய்வான் என்பதை அவள் இத்தனை வருஷத்தில் பார்த்ததே இல்லை. இப்போது பார்த்தாள். எஸ்றா ஒரு காய்ந்த புல்லைப் பிடுங்கி, விரலில் சுற்றி, பிரித்து, மறுபடி சுற்றினார். கொப்புளம் உடைந்த உள்ளங்கை. கிருபாபாய்க்கு அழுகை வந்துவிட்டது. எத்தனை பேரை இப்படி விட்டுவிட்டு நம்பர் கூப்பிட்டிருக்கிறோம் என்று நினைத்தாள். சொன்னது தப்பில்லை, இன்றைக்கும் அதையேதான் சொல்வாள். ஆனால் சொல்லிவிட்டுக் கூட ஒரு நிமிஷம் இருந்திருக்கலாம்.

அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

"தென்னையெல்லாம் சும்மா ஒரு சாக்குதான்," என்றார் எஸ்றா. அவள் கேட்காமலேயே சொன்னார். "மேல கூண்டு, கீழ கான்கிரீட்டு, அந்தால கடலு. முப்பத்தாறு வருசம் இந்தக் காலு மண்ணுலயே படல. நமக்குன்னு காலு பட ஒரு எடம் இருக்கட்டும்னு நெனச்சேன். தோப்புன்னு சொன்னாத்தான் நீ சிரிக்காம இருப்பன்னு நெனச்சேன்."

கிருபாபாய் மூக்கை உறிஞ்சிக்கொண்டாள்.

"காலு படணும், அவ்வளவுதான? மொதல்ல அந்த ஷூவக் கழட்டுங்க."

அவர் அவளைப் பார்த்தார். பிறகு குனிந்து கயிற்றை அவிழ்த்தார். சாக்ஸையும் உருவினார். ஷூவுக்குள்ளேயே காலம் கழித்த பாதம், வேகவைத்த கிழங்கின் நிறத்தில் இருந்தது. மண்ணில் வைத்தார். நிழல் மண், சூடில்லை. விரல்களை ஒருமுறை மடக்கி விரித்தார். எழுந்து நாலு எட்டு நடந்து, ஐந்தாவது எட்டில் நெருஞ்சி முள் ஏறி, நொண்டிக்கொண்டே திரும்பி வந்தார். மேலே நின்ற தங்கத்தாய் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள். கிருபாபாய் பாதத்தைத் தன் மடியில் தூக்கி வைத்து முள்ளை எடுத்தாள்.

அப்போது அவர் சட்டைப் பையில் போன் அடித்தது. ஜேசிபிக்காரர். திங்கட்கிழமை எத்தனை மணிக்கு வண்டியை விட வேண்டும் என்று கேட்டார். எஸ்றா மனைவியைப் பார்த்தார். சொல்வதற்கு அவளிடம் நிறைய இருந்தது. கையில் முள்ளை வைத்துக்கொண்டு வாயைத் திறக்காமல் இருந்தாள். அவளுக்கு அது எவ்வளவு கஷ்டம் என்று தெரிந்தவர்கள் ஆபீஸில் நாலைந்து பேர் இருப்பார்கள்.

"வேண்டாம் தம்பி," என்றார் எஸ்றா. "இது புல்லுக்காடு. இப்படியே கெடக்கட்டும்."

தங்கத்தாய் தலைப்பை வாயிலிருந்து எடுத்தாள். தோப்பு வந்துவிட்டால் ஆடுகளை எங்கே கொண்டுபோவது என்று ஆறு மாதமாக அவளுக்குள் ஒரு கேள்வி இருந்திருக்கும். யாரும் அவளிடம் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. கிருபாபாய் அவளைக் கூப்பிட்டு, வழக்கம்போல் மேய்த்துக்கொள், ஆனால் மழை விழுந்ததும் புல் விதை பிடிக்கிற வரைக்கும் ஆடுகளை இந்தப் பக்கம் விடாதே என்றாள். சரிக்கா என்று சொல்லிவிட்டு அவள் ஆடுகளைத் திருப்பப் போனாள்.

வெயில் ஏறிக்கொண்டிருந்தது. பத்தேகாலுக்கு ஒரு பஸ் இருந்தது. எஸ்றா ஷூவைக் கையில் எடுத்தார். போடவில்லை, மறுபடி பக்கத்தில் வைத்தார்.

"ஏளா கிருபா," என்றார். "ஐப்பசி, கார்த்திகையில இங்க வந்து பச்சையப் பாக்க ஒனக்கு எத்தன நாளு லீவு மிச்சம் இருக்கும்?"

"பதினொண்ணு," என்றாள் அவள். "எல்லாத்தையும் போட்டுருதேன்."

பத்தேகால் பஸ் போய்விட்டது. இருவரும் பன்னிரண்டரை பஸ்ஸில்தான் ஊர் திரும்பினார்கள்.